விதை வந்தாச்சு; சொல்லித் தர ஆள் எங்கே?

பனமலை, செஞ்சி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கொல்லையில் நாலு கத்தரிச் செடியாவது இருக்கும். செடி நன்றாகத்தான் வளரும். திடீரென்று ஒருநாள் நுனிக் கொழுந்து தலை தொங்கிவிடும். தண்ணீர் போதவில்லை என்று இரண்டு குடம் கூடுதலாக ஊற்றுவார்கள். காயை அறுத்தால் உள்ளே புழு!

உடனே மருந்துக் கடைக்கு ஓட்டம். "இதை அடிங்க, சரியாயிடும்" என்று ஒரு பாட்டில் கைக்கு வரும்.

புழு இருப்பதோ தண்டுக்குள்ளே. வெளியே அடிக்கிற மருந்து அதை எட்டுவது கஷ்டம். வாடிய கொழுந்தைக் கிள்ளி, புழு விழுந்த காயையும் பறித்து அழித்துவிட வேண்டும். அதை விடாமல் செய்தாலே பாதித் தொல்லை அடங்கும். காலணா செலவில்லை. இதைச் சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. அதனால் பாட்டில் விற்கிறது.

தமிழக அரசு 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள். பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள். நல்ல காரியம். ஆனால் பொட்டலத்தோடு ஒரு ஆளும் வரவேண்டாமா? ஒரு அலுவலர் பல ஊரைப் பார்க்கிறார். அவர் எத்தனை கொல்லைக்குப் போவார்?

பப்பாளி பட்ட பாடு

2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்துப் போயின. 2010ல் வெளிநாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இதில் ஒரு நிபந்தனை: விஷ மருந்து அடித்தால் குளவியும் செத்துப்போகும். "கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்க" என்று தெருத்தெருவாகச் சொல்ல ஆள் வேண்டும். கடைக்காரர் அப்படிச் சொல்வாரா?

அமெரிக்காவிலும் இதே தலைவலி வந்தது. 1970களின் தொடக்கத்தில் சியாட்டில், டகோமா பகுதி மக்கள் தோட்ட ஆலோசகர்களுக்குப் போன் மேல் போன் போட்டுத் திணறடித்தார்கள். டேவிட் கிப்பி என்ற ஆலோசகர் ஒரு வழி கண்டார். ஆர்வம் உள்ளவர்களுக்குப் பயிற்சி; பதிலுக்கு அவர்கள் இத்தனை மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும். 1973ல் வகுப்பு தொடங்கியது. தொண்டர்கள் பொது இடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். வாடிய இலையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம்.

அந்த மேஜைதான் விஷயம். பயிற்சி எடுத்தவரை எங்கே, எப்போது பார்க்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நம்மிடம் திட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1980களில் 'தொடர்பு விவசாயி' என்று ஊருக்குச் சிலரை வைத்தார்கள். பல இடங்களில் வசதியுள்ளவர்களே அந்த இடத்தைப் பிடித்தார்கள். கேட்டது அவர்கள் வரப்பைத் தாண்டவில்லை என்ற குறை கடைசிவரை இருந்தது.

இப்போது மத்திய அரசின் கிருஷி சகி திட்டம். மகளிர் குழுப் பெண்களுக்கு 56 நாள் பயிற்சி. முதல் கட்டமாக எடுத்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. 2024 ஜூன் 18ல் வாரணாசியில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குச் சான்றிதழ் தந்தார்கள். இவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள் அல்ல. செய்கிற வேலைக்குத் தொகை உண்டு. அதில் தப்பே இல்லை. பஸ் சார்ஜைக் கைக்காசில் போட்டு எத்தனை நாள் ஊர் ஊராய்ப் போவார்கள்? மருந்து, உரம் விற்கிற வேலையை மட்டும் இவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. கட்டினால் அவர்களும் இன்னொரு கடைதான்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் மாமியாரே கேட்பார். அதிகாரி சொன்னால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

பனமலைக்கு ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோவிலைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். உள்ளூர் ஆட்கள் கூடுவது ரேஷன் கடையில். நெல்மூட்டையோடு காத்திருப்பது செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில். இந்த இரண்டு இடத்திலும் வாரம் ஒரு நாள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பயிற்சி பெற்ற ஒரு பெண். பெயரையும் கிழமையையும் சுவரில் எழுதிப் போட ஒரு டப்பா பெயிண்ட் போதும்.