தவளை வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டும்

இதயத்தின் படத்தை வரைந்து, நான்கு அறைகளுக்கும் பெயர் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிடம் ஓர் ஆட்டு இதயத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் நீல நிறத்தைத் தேடுவார்கள். புத்தகத்தில் ஒரு பாதி நீலம், மறு பாதி சிவப்பு. கையில் இருப்பதோ முழுக்கக் கருஞ்சிவப்பு.

"இதுல எது டீச்சர் இடது பக்கம்?"

அழுத்திப் பார்க்கச் சொல்வேன். ஒரு பக்கம் தொளதொளவென்று அமுங்கும். மறுபக்கம் கெட்டியாக நிற்கும். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிற இடது வென்ட்ரிக்கிளுக்குச் சுவர் தடிமன். பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிற வலதுக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. ஒருமுறை விரலால் உணர்ந்த பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். கல்லூரியில் தவளைக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து, மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திப் படித்த தலைமுறை நான். அது ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. வயலில் பூச்சி தின்ன வேண்டிய உயிர் அது. தவளைக்கால் ஏற்றுமதியையே நம் நாடு 1987-ல் தடை செய்தது. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் நிறுத்தியதும் சரியே. ஆனால், தவளையோடு சேர்ந்து கத்தரிக்கோலும் இடுக்கியும் பள்ளியை விட்டே போய்விட்டன. பாடத்துக்காக ஓர் உயிரையும் கொல்ல வேண்டாமே. கறிக்கடையிலும் மீன் சந்தையிலும் பூக்கடையிலும் எல்லாம் கிடைக்கிறது.

கறிக்கடைக்காரரிடம் மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்: இதயத்தைக் கீறாமல், மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமல் தாருங்கள் என்று. மகாதமனி கொஞ்சம் நீளமாக இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றலாம். பிறைச்சந்திர வால்வுகள் மூடி, தண்ணீரைத் தாங்கி நிற்கும். பிறகு வெட்டித் திறந்து, இரண்டு வென்ட்ரிக்கிள்களுக்கும் நடுவே ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தேடச் சொல்வேன். இருக்காது. அந்தச் சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ரத்தம் கசிகிறது என்று பழங்கால மருத்துவர் கேலன் எழுதியதை ஐரோப்பா 1,300 ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தது. 16-ம் நூற்றாண்டில் உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் தன் கையால் அறுத்துப் பார்த்த பிறகே அந்தத் துளைகள்மேல் சந்தேகம் கொண்டார். ரத்தம் சுற்றி வருவதை ஆங்கில மருத்துவர் ஹார்வி விளக்கியது 1628-ல். பெரியவர் எழுதிவிட்டார் என்பதற்காக நம்பாதே, பார் என்பதை என் மாணவிகள் அரை மணி நேரத்தில் கற்கிறார்கள்.

மீன் பாடத்தன்று நான் அதிகம் பேசுவதில்லை. செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்து மீன் புதிதா என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தச் சிவப்பு இழைகளில்தான் மூச்சு நடக்கிறது என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

இறைச்சியைத் தொட விரும்பாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. செம்பருத்தியின் சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். இரவு ஊறிய அவரை விதையைப் பிளந்தால் உள்ளே குட்டிச் செடி. அதுவும் முழுமையான அறிவியல் வகுப்புதான்.

கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய ஆய்வகம் அல்ல. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் சில தட்டுகள், முனை மழுங்கிய கத்தரிக்கோல்கள், இடுக்கி, கையுறை, சோப்பு. பொருள் வாங்கச் சிறு தொகை. கூடவே, பெற்றோரிடம் காட்டுவதற்கு எழுத்தில் ஓர் அனுமதி. அது இல்லாததால்தான் பல ஆசிரியர்கள் கரும்பலகையில் படம் வரைவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.