துடுப்பைத் தாருங்கள்

ஆறு ஓடாத சரவணம்பட்டியில் வாழும் எங்களுக்குத் துடுப்புப் படகுப் போட்டி எட்டாக்கனியாகவே தோன்றும். ஆனால், மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தின் வறண்ட சிற்றூர் ஒன்றில் பிறந்த தத்து போகனள், கிணறு வெட்டிப் பிழைத்தவர். 2012-இல் இராணுவத்தில் சேர்ந்த பின்னரே துடுப்புப் பிடிக்கக் கற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் படகில் 13-ஆம் இடம் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்றார்.

உழைப்பு அவருடையது, வாய்ப்பைத் தந்தது இராணுவம். பெண்களாகிய எங்களுக்கு அதைத் தருவது யார்? ஒலிம்பிக் படகுப் போட்டியில் பெண்களுக்கு இடம் கிடைத்ததே 1976-இல்தான்!

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை நிறுத்தச் சொல்லும் அன்புப் பெற்றோரே, மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுவதால் எங்கள் படிப்பு கெட்டுவிடாது. வாய்ப்பளியுங்கள், உழைக்க நாங்கள் இருக்கிறோம்.