கடைசியாகப் பங்கு பெற்ற தலைவன்



மைசூருவில் வாடகை வீடுகளில் வாழும் நம் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் ஒரே கேள்வி எழும்புகிறது: "பாஸ்டர் ஐயா, எங்களுக்கென்று ஒரு சைட் எப்போது கிடைக்கும்?"

மனை பங்கிடும் பணி இந்நகருக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் நெருக்கமான தெருக்களில் அநேகரை வாரிக்கொண்டது. அதன்பின் 1903ஆம் ஆண்டு நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டு அமைக்கப்பட்டது. லட்சுமிபுரம், சாமராஜபுரம் போன்ற பகுதிகள் அகன்ற சாலைகளோடு திட்டமிட்டு உருவாயின. வளர்ச்சி என்பது வீடுகளின் எண்ணிக்கை மாத்திரமல்ல, காற்றும் தண்ணீரும் வடிகாலும் அதில் அடங்கும் என்பதை அத்தலைமுறை துயரத்தின் வழியாய்க் கற்றுக்கொண்டது.

பின்னர் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மைசூரு நகர்ப்புற வளர்ச்சி ஆணையம், அதாவது முடா, அப்பணியை ஏற்றது. வீடற்றோர் விண்ணப்பித்து, முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தனர். இதற்கிடையே 2020இல் 50:50 திட்டம் வந்தது. நிலம் கொடுத்தவருக்குப் பணத்திற்குப் பதிலாக, மேம்படுத்தப்பட்ட மனைகளில் பாதி என்பது அதன் சாரம். நோக்கம் தவறானதல்ல. ஆனால் ஓரிடத்து நிலத்திற்கு ஈடாக விலை உயர்ந்த வேறு பகுதிகளில் மனைகள் ஒதுக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. 2023இல் திட்டம் கைவிடப்பட்டது. கேசரே கிராம நிலத்திற்காக சித்தராமையாவின் மனைவிக்கு விஜயநகரில் ஒதுக்கப்பட்ட 14 மனைகள், அவர் முதலமைச்சராயிருந்த 2024இல் விவாதமாகி, அவ்வாண்டு அக்டோபரில் திருப்பி அளிக்கப்பட்டன. அவர்களுக்கு எதிராகச் சான்று இல்லை என்று 2025 பிப்ரவரியில் லோக்ஆயுக்தா காவல்துறை அறிவித்தது. முடாவின் இடத்தில் மைசூரு வளர்ச்சி ஆணையமும் வந்தது.

யார் குற்றவாளி என்று தீர்ப்பது நம் வேலையல்ல. வரிசையில் நின்றவனுக்கு என்ன நேர்ந்தது என்பதே நம் கேள்வி. அவன் காத்திருந்து சோர்ந்து, நகரின் ஓரத்தில் அங்கீகாரமில்லாத ரெவின்யூ மனையை வாங்குகிறான். அங்கே பாதாளச் சாக்கடை இல்லை. கழிவுநீர் தாழ்ந்த இடம் தேடி ஓடி, கடைசியில் ஏரியைச் சேருகிறது. பங்கீட்டில் நீதி தவறும்போது ஏழையின் சேமிப்பு மாத்திரமல்ல, ஊரின் தண்ணீரும் கெடுகிறது. ஆகவே நீதியான ஒதுக்கீடு வேறு, நிலைத்த வளர்ச்சி வேறு என்று நாம் பிரித்துப் பார்க்கலாகாது.

யோசுவாவின் புத்தகம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேசம் எல்லார் முன்பாகவும் சீட்டுப் போட்டுப் பங்கிடப்பட்டது. பங்கிட்டு முடிந்த பின்னரே யோசுவா தன் பங்கைப் பெற்றார். அதுவும் எப்பிராயீம் மலைத்தேசத்தில், தாமே கட்டிக் குடியேறவேண்டிய ஒரு பட்டணம். பங்கிடுகிறவன் கடைசியில் நிற்பதே நல்ல ஒதுக்கீட்டின் அடையாளம். மனை பெற்றோர் யார், எந்த முறையில் பெற்றனர் என்பதை எல்லாரும் காணும்படி ஆணையம் வெளியிடவேண்டும் என்று கேட்பது குடிமக்களாகிய நம் உரிமை.

பிரியமானவர்களே, வாங்குகிற நாமும் கவனமாயிருப்போம். விலை மலிவு என்று அவசரப்படாதிருங்கள். விவசாய நிலம் முறைப்படி மாற்றப்பட்டதா, மனைப்பிரிவுக்கு ஆணையத்தின் அனுமதி உண்டா, வில்லங்கச் சான்று என்ன சொல்லுகிறது என்று பாருங்கள். பி-கத்தா கிடைத்தால் வரி கட்டலாம். அதனால் மாத்திரம் மனை அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. அந்த இடம் முன்பு ஏரியாகவோ மழைநீர்க் கால்வாயாகவோ இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் நேர்மையான வழியில் ஒரு கூரை அமைவதாக.