ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்... ஜவ்வாது மலை சாமை விவசாயிக்கும் பொருந்தியதா?

பொருந்தவில்லை. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்த பயிர் நிவாரணத்தில் எல்லார் காதிலும் விழுந்தது இந்த 17,000தான். ஆனா, அது பாசன வசதி பெற்ற பயிருக்கு மட்டும்தான் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலையில் மழையை நம்பி விதைக்கும் சாமை, மானாவாரிக் கணக்கில் வரும். அதுக்கு அப்போது ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். ஏக்கருக்குப் பார்த்தா சுமார் 3,440தான்! உழவுக்கும் களையெடுப்புக்கும் இது எந்த மூலைக்கு?

அதுவும் சும்மா வராது. குறைந்தது 33 சதவீதம் பயிர் சேதமாகியிருக்கணும். 2015-க்கு முன்பு இது 50 சதவீதம். வருவாய், வேளாண் துறையினர் வயலைப் பார்த்துக் கணக்கெடுக்கணும். சரிவில் அங்கங்கே துண்டு துண்டாகக் கிடக்கும் மலை நிலத்தில் சிக்கலே இங்கதான். புயலுக்கு முன்பே, அடங்கலில் சாமைன்னு பதிவாகியிருக்கான்னு விஏஓ-விடம் கேட்டு வச்சுக்கோங்க.