முதலில் தேக்கம், பிறகு குழாய்

யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியர் காலக் கோட்டைகள் 12. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று நம் செஞ்சி. செஞ்சி என்றதும் மதிலும் அகழியும் தேசிங்குராஜன் குதிரையும்தான் பேச்சில் வரும். அந்த மதிலுக்குள் இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட நினைப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். உச்சிக்கோட்டையில் சுனைநீர் உண்டு. அதற்குக் கீழே மழைநீர்த் தேக்கங்கள், அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிகுளமும். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்கு, மதிலுக்கு வெளியே சுமார் அரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தேக்கத்திலிருந்து சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்து, மாடிகளுக்கும் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலம். தேக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதைத் தாண்டித் தண்ணீர் தானாக ஏறாது. ஆகவே தேக்கத்தின் மட்டத்தை முடிவு செய்யாமல் ஒரு குழாயைக்கூடப் பதித்திருக்க முடியாது.

1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. முகலாயர் முற்றுகை மட்டும் விட்டு விட்டு ஏழெட்டு ஆண்டு நீண்டது. யார் உள்ளே இருந்தாலும், மலையில் பெய்த மழையை நம்பித்தான் இருந்தார்கள்.

முதலில் தேக்கம், பிறகு குழாய் என்ற இந்த வரிசையை மோட்டார் தலைகீழாக்கியது. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஒவ்வொரு சாலுக்கும் உழைப்பு இருந்ததால் பாத்திக்கு அளந்து விட்டார்கள். பொத்தானைத் தட்டினால் தண்ணீர் என்றானபின் அளவும் போனது, ஏரியின் நினைவும் போனது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது, நல்ல திட்டம். ஆனால் சொட்டுநீர் தண்ணீர்ச் செலவைத்தான் குறைக்கும், தண்ணீர் வரவைக் கூட்டாது. மிச்சமான நீரில் இன்னும் ஒரு ஏக்கர் கரும்பு வைத்தால் போர்வெல் மட்டம் இறங்கத்தான் செய்யும்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதே கணக்குதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டுக்கு 1000 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டால், 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். அது எங்கே நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; தொட்டியா, கிணறா, உறிஞ்சுகுழியா?

அடுத்தது உயரம். 10 மீட்டர் உயர நீர்தான் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். சாதாரணச் சொட்டுவான்கள் அதற்குத்தான் செய்யப்பட்டவை. தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துத் தொட்டியில் நேராக மாட்டினால் முதல் செடி குளிக்கும், கடைசிச் செடி காயும். குறைந்த அழுத்தச் சொட்டுவான் வாங்குங்கள். கிளைக்குழாய் குட்டையாக இருக்கட்டும். வாழைக்கும் கத்தரிக்கும் தனித்தனி வால்வு வையுங்கள். வடிகட்டியை அவ்வப்போது கழுவுங்கள். உப்புத்தண்ணீரில் சொட்டுவான் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். செடியடியில் சருகு மூடாக்கு போடுங்கள். பாய்ச்சிய மறுநாள் ஒரு குச்சியால் அரையடி கிளறிப் பாருங்கள். மேலே ஈரமும் கீழே புழுதியுமாக இருந்தால் பாய்ச்சியது வேருக்குப் போகவில்லை.

செஞ்சிக் கோட்டைக்கு இனி அறிவிப்புப் பலகைகள் வைக்கும்போது தொல்லியல் துறை நீர்வழிக்கும் ஒன்று வைக்கட்டும். சுற்றுவட்டார ஏரிகளின் வரத்துக்கால்களை ஐப்பசி மழைக்கு முன்பே தூர்வாரட்டும் பொறுப்பில் இருப்பவர்கள். மழையைத் தேக்க இடம் ஒதுக்காமல் வாங்கும் சொட்டுநீர்க் குழாய், வறண்ட போர்வெல்லில் மாட்டிய வெறும் பிளாஸ்டிக்தான்.