பனி பார்க்கப் போறீங்களா? பாட்டிதான் லீடர்!

பனி பார்க்கக் காஷ்மீர் போகும் குடும்பங்களுக்கு டூர்காரர்கள் எழுதித் தரும் அட்டவணை கிட்டத்தட்ட ஒன்றேதான். முதல் நாள் விமானத்தில் ஸ்ரீநகர். மறுநாள் விடிந்ததும் வேனில் குல்மார்க், ரோப் காரில் உச்சி, போட்டோ, இருட்டியதும் மறுபடி ஸ்ரீநகர். ‘சுமார் 50 கிலோமீட்டர்தானே ஸார், ஒரே நாளில் முடிச்சுடலாம்!’ என்கிறார்கள்.

முடியும்தான். ஆனால், யாருடைய உடம்பை வைத்து இந்தக் கணக்கைப் போட்டார்கள்? முப்பது வயசு இளைஞரின் உடம்பை வைத்து! அதே வேனில் பி.பி. மாத்திரை சாப்பிடும் தாத்தாவும், ஷுகர் இருக்கும் பாட்டியும், மூணு வயசுக் குட்டியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை யாரும் யோசிப்பதில்லை.

உயரத்தைக் கொஞ்சம் பாருங்கள். சென்னை கடல்மட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரம். குல்மார்க் சுமார் 2,650. ரோப் காரின் முதல் கட்டம் இறக்கிவிடும் கோங்டூரி 3,000 மீட்டருக்கும் மேலே. இரண்டாம் கட்டமும் ஏறினால், அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர்! அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன், சென்னையில் கிடைப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான். நேற்றுக் காலை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியவர், இன்று மத்தியானம் அங்கே நிற்கிறார்.

‘ஒரு மணி நேரத்துல இறங்கிடுவோமே... என்ன ஆயிடும்?’ என்று கேட்கலாம். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தலைவலி, குமட்டல் என்று வரும் மலைநோய் பொதுவாக உயரத்துக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் இறங்கிவிடுவார்கள். ஆனால், இதயம் அப்படிக் காத்திருக்காது. ஆக்ஸிஜன் குறைந்ததுமே வேகமாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, பி.பி.யும் ஏறும். இந்த நேரத்தில் முழங்கால்வரை புதையும் பனியில் நடப்பதென்றால், ஏற்கெனவே அடைப்பு இருக்கும் இதயத்துக்கு அது பெரிய சுமை. ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்தக் குளிர்ந்த, வறண்ட காற்றே போதும், மூச்சிரைப்பைக் கிளப்பிவிட!

ஷுகர்காரர்களுக்கு வேறு ஒரு ஆபத்து. வழியில் டங்மார்கில் கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்கு எடுப்பது வழக்கம். பூட்ஸுக்குள் பனி போய்க் காட்டன் சாக்ஸ் நனைந்துவிட்டால், கால் விறைக்க ஆரம்பிக்கும். நமக்கு அது வலிக்கும், கழற்றிவிடுவோம். பல வருஷமாக ஷுகர் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது தெரியவே தெரியாது. ராத்திரி பூட்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளமும் புண்ணும் கண்ணில் படும். உல்லன் சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துப் போங்கள். மணிக்கு ஒரு தடவை பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். இன்சுலினை வேனில் விடாமல் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்து போன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

அப்படியானால் பெரியவர்களை ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் போய்விடலாமா? ‘வயசானவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்கிற பேச்சை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆயுசு முழுக்க வெயிலில் காய்ந்தவர்களுக்குப் பனியைக் கையில் அள்ளிப் பார்க்கும் ஆசை இருக்காதா? அவர்களும் வரட்டும். குல்மார்கின் புல்வெளி முழுக்க வெள்ளை வெளேரென்று கிடக்கும் அதே பனிதான் மேலேயும் கிடக்கிறது. இதய நோய் இருப்பவர்களை ஊரிலேயே டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு கூட்டிப் போங்கள். குல்மார்கில் இறங்கியதும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். இளசுகள் உச்சிக்குப் போகட்டும். பெரியவர்களோடு யாராவது ஒருத்தர் கீழே இருக்க வேண்டும்.

நான் சொல்வது ஒன்றுதான். வீட்டில் யார் உடம்பு பலவீனமோ, அவர்தான் அன்றைக்கு டூர் லீடர். அவர் ‘போதும்’ என்றால் போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ‘பிள்ளை இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கான்... நாம எதுக்குக் கெடுக்கணும்?’ என்று நெஞ்சுவலியைக்கூட வாயுப் பிடிப்பு என்று மறைத்துவிடுவார்கள். அதனால் கிளம்பும் முன்பே எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிடுங்கள்: ‘யாருக்கு முடியலைன்னாலும் உடனே சொல்லணும். சொன்னா அடுத்த நிமிஷமே இறங்கறோம். யாரும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.’ ரோப் கார் டிக்கெட் காசு போனால் போகட்டும்!

திரும்பும் நேரமும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் அங்கே மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அதன்பிறகு ரோட்டில் கரைந்த தண்ணீர் கண்ணாடிபோல உறையும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலையில் நடந்ததை மறக்க முடியுமா? இஸ்லாமாபாத்துக்குப் பக்கத்து மலை அது. பனி பார்க்க வந்த கூட்டம் ரோட்டில் மாட்டிக்கொண்டது. ஒரே ராத்திரியில், காருக்குள்ளேயே, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். குளிர் மட்டுமில்லை, கார்பன் மோனாக்சைடும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். புகைக்குழாயைப் பனி மூடிக்கொள்ள, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டால், வாசனையே இல்லாத இந்த விஷவாயு காருக்குள் நிறையும். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். வண்டி மாட்டிக்கொண்டால் முதல் வேலை, புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிடுவதுதான். கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வேன் கிளம்ப வேண்டும் என்று காலையிலேயே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். பனி கொட்ட ஆரம்பித்தால் அதற்கும் முன்னாலேயே! ‘இவ்வளவு தூரம் வந்துட்டு மேலே போகாம திரும்பறதா?’ என்று யாராவது முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். மலை எங்கேயும் போய்விடாது. பாட்டி பத்திரமாக ஊர் திரும்பினால், அடுத்த வருஷமும் சேர்ந்தே போகலாம்!