கோடிக் கணக்கும் கூலிக் கணக்கும்

2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையிலே உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. இரண்டே நாளில் 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்று சர்க்கார் அறிவித்தது. நேரடி வேலை மட்டும் 14 லட்சத்து 50 ஆயிரம் பேருக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன.

கோடிக் கணக்கு சொன்னவர்கள் கூலிக் கணக்கைச் சொன்னார்களா? அந்த வேலை எத்தனை ஆண்டு நிற்கும்? நிரந்தர வேலையா, கங்காணி வேலையா? கம்பெனி மூட்டை கட்டினால் தொழிலாளிக்கு என்ன வழி? நிலம் போன ஊரிலே களை பறித்தும் கதிர் அறுத்தும் பிழைத்தவளுக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு மேடையிலே பதில் இல்லை.

சுங்குவார்சத்திரம் வட்டாரத்து ஜனங்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. முதலீடு வந்ததையும் அவர்கள் பார்த்தார்கள், போனதையும் பார்த்தார்கள்.

வந்தது என்ன?

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். அந்தப் பக்கம் வல்லம் வடகால், ஒரகடம். முன்பு ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த பூமி இது. 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனிக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998ல் கார் வெளியே வந்தது. 2006ல் பின்லாந்து நாட்டு நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யத் தொடங்கியது. 2007ல் சாம்சங் வந்தது. 2010ல் ஒரகடத்தில் நிசான் கார், 2012ல் டைம்லர் லாரி. 2019 முதல் பாக்ஸ்கான் ஆலையிலே ஐபோன் தயாராகிறது.

இதனாலே நன்மை இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். மிராசுதார் வீட்டு வாசலிலே கைகட்டி நின்ற குடும்பத்துப் பெண், இன்று யூனிபாரம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறாள். மாதம் முடிந்தால் அவள் பெயரில் சம்பளம் விழுகிறது. அறுப்புக் காலத்துக்கு மட்டும் வேலை, மீதி மாதங்களுக்குக் கடன் என்ற பழைய வாழ்விலிருந்து இது ஒரு விடுதலைதான். ஆலை வேண்டாம் என்பவர்கள் நாம் அல்ல. ஆலை வேண்டும். ஆனால் எந்த நிபந்தனையின் பேரில்? அதுதான் பிரச்னை.

நோக்கியா கற்பித்த பாடம்

நோக்கியாவின் கதையை நினைத்துப் பாருங்கள். 2005ல் சர்க்காரோடு ஒப்பந்தம். சுமார் 200 ஏக்கர் நிலம் சலுகைக் குத்தகைக்கு, சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற அந்தஸ்து, வரிச் சலுகை, தடையில்லா மின்சாரம். கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் விரல் பட்டு வெளிவந்த கைபேசிகள் உலகமெல்லாம் போயின.

2013ல் வருமான வரித் தகராறு கிளம்பியது. 2,000 கோடிக்கு மேல் வரி பாக்கி என்றது வரி இலாகா. இல்லை என்றது கம்பெனி. சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் விட்டுவிட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரிலே 5,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1ல் ஆலை நின்றது. அதற்குச் சாமான் செய்து கொடுத்துவந்த பாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே மூடப்பட்டது. சர்க்காரும் கம்பெனியும் கோர்ட்டிலே நின்றார்கள். தொழிலாளி தெருவிலே நின்றாள். இருபத்தைந்து வயதிலே ‘விருப்ப ஓய்வு’! இப்படி ஒரு விருப்பம் யாருக்கு வரும்?

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. இதே நோக்கியா 2008ல் ஜெர்மனியில் போக்கும் நகரத்து ஆலையை மூடி, 2,300 பேரை வெளியே அனுப்பிவிட்டு, கூலி குறைந்த ருமேனியாவுக்குப் போனது. ருமேனியா ஆலையும் மூன்றே ஆண்டு. 2011ல் அதையும் மூடியது. 2012ல் தன் சொந்த நாடான பின்லாந்திலே சாலோ நகரத்தில் கைபேசி உற்பத்தியை நிறுத்தியது. 2014ல் ஸ்ரீபெரும்புதூர். கூலி எங்கே குறைவோ, சலுகை எங்கே அதிகமோ, அங்கே போய் இறங்குவதும், லாபம் வற்றினால் கிளம்புவதும் முதலின் சுபாவம். சத்திரத்திலே தங்கும் வழிப்போக்கனைப் போல அது வருகிறது; ஊரிலே வேர் விடுவதில்லை.

ஆனால் போகிற இடத்திலெல்லாம் அது ஒரே மாதிரி போகவில்லை. போக்கும் நகரத்திலே பல்லாயிரம் பேர் வீதியில் திரண்டார்கள். தொழிலாளருக்கு 20 கோடி யூரோ நஷ்ட ஈடு தருவதாகக் கம்பெனி ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாகாணச் சர்க்கார் மானியம் தந்தபோது இத்தனை பேருக்கு வேலை என்று நிபந்தனை போட்டிருந்தது. அதைக் காட்டி மானியத்தைத் திருப்பிக் கேட்டது. பேசி, 2 கோடி யூரோ வசூலித்தது. அங்கே நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அதைக் கேட்க ஒரு சங்கமும் இருந்தது. வித்தியாசம் இவ்வளவுதான். இந்த வித்தியாசம்தான் எல்லாமும்.

சோறும் படுக்கையும்

பாக்ஸ்கான் மறுபடியும் வந்தது. முன்பைவிடப் பெரிதாக வந்தது. 2021 டிசம்பரில் நடந்ததை எவரும் மறக்க முடியாது. விடுதியிலே சாப்பிட்ட சாப்பாடு விஷமாகி, 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய்தான். ஆனால் உண்மையைச் சொல்ல நிர்வாகம் முன்வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளச் சங்கமும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையிலே உட்கார்ந்தார்கள்.

ஆலை பல நாள் மூடிக் கிடந்தது. தங்குமிடங்கள் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவிலே 18,720 பேர் தங்கும் விடுதியைச் சர்க்கார் திறந்தது. நல்ல காரியம், வரவேற்போம். ஆனால் அந்தக் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் போட்டது யார்? ரோட்டிலே உட்கார்ந்த பெண்கள்தான். அவர்கள் உட்காராமல் இருந்திருந்தால், மாநாட்டு மேடையிலே எவருக்கும் அந்த யோசனை வந்திராது.

‘சங்கம் வைத்தால் முதலீடு ஓடிவிடும்’

இது பழைய பூச்சாண்டி. 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பெரம்பூர் பி அண்டு சி மில் துரைமார்களும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். வாடியாவின் மேலே ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். அந்த அநியாயத்தின் எதிரொலியாகத்தான் 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வந்த பிறகும் அந்த மில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1996ல் அது மூடப்பட்டது. அதே ஆண்டிலேதான் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் விழுந்தது.

2024ல் அந்தப் பாட்டைச் சுங்குவார்சத்திரத்தில் கேட்டோம். குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் டெலிவிஷனும் செய்கிற சாம்சங் ஆலையிலே செப்டம்பர் 9ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டது என்ன? நியாயமான சம்பளம், ஓய்வு, எல்லாவற்றுக்கும் மேலாக, தாங்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம். ஊர்வலம் போகக் கிளம்பியவர்களைப் போலீசார் பிடித்தார்கள். அக்டோபரிலே பந்தலைப் பிரித்தார்கள். மழையிலும் வெயிலிலும் 37 நாள் நின்றார்கள். அக்டோபர் 15ல் பேச்சு வார்த்தையில் போராட்டம் முடிந்தது. சங்கத்தின் பெயரிலே ‘சாம்சங்’ என்ற சொல் வரக்கூடாது என்று கம்பெனி மறியல் செய்தது. ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரி 27ல் சங்கம் பதிவாயிற்று. அந்த ஆண்டு மே மாதத்திலே சம்பள ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.

முதலீடு ஓடிவிட்டதா? ஆலை அங்கேயேதான் நிற்கிறது.

வடக்கே சுவீடன் தேசத்தைப் பாருங்கள். வளமான நாடு, முதலாளிகள் தேடிப்போய் முதல் போடுகிற நாடு. அங்கே உழைப்பவரில் பத்துக்கு ஏழு பேர் அளவில் சங்கத்தில் இருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது பேர் அளவில் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்கிறார்கள். அமெரிக்காவின் டெஸ்லா கார்க் கம்பெனி மட்டும் கூட்டு ஒப்பந்தம் எழுத மாட்டேன் என்றது. 2023 அக்டோபர் 27ல் அதன் பட்டறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். துறைமுகத் தொழிலாளி அந்தக் காரை இறக்க மறுத்தான். தபால் தொழிலாளி நம்பர் பலகையைக் கொண்டு போக மறுத்தான். இரண்டு ஆண்டு தாண்டியும் அந்தப் போராட்டம் நீண்டது. சங்கத்தாலே சுவீடன் ஏழையாகிவிடவில்லை. சங்கம் வலுத்த நாட்டிலேதான் தொழிலும் வளர்ந்தது, கூலியும் வளர்ந்தது.

நிலத்திலே வேலை செய்தவர் எங்கே?

இனி, ஆலைக் கணக்கிலே ஒருபோதும் வராத ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். அவர் விவசாயக் கூலித் தொழிலாளி.

நிலம் எடுக்கும்போது பட்டாதாரருக்கு விலை கிடைக்கிறது. போதுமா போதாதா என்பது வேறு விஷயம். அவர் பெயர் கணக்கிலே இருக்கிறது. அந்த நிலத்திலே நாற்று நட்டவள், அண்டை வெட்டியவன், மாடு மேய்த்தவன் பெயர் எந்தக் கணக்கிலே இருக்கிறது? 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். ஏகனாபுரம் ஜனங்கள் அன்று தொடங்கிய போராட்டம் ஆயிரம் நாளையும் தாண்டியது. அங்கேயும் பேச்செல்லாம் ஏக்கருக்கு என்ன விலை என்பதைச் சுற்றியே நடந்தது. ஏக்கரே இல்லாதவனுக்கு என்ன விலை?

2013ல் வந்த மத்திய நிலம் எடுப்புச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. எடுக்கப்படும் நிலத்திலே மூன்றாண்டு வேலை செய்து பிழைத்த நிலமில்லாக் கூலியாட்களின் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அது ஏற்றுக்கொண்டது. நிலம் எடுக்குமுன் ஊரிலே யார் யார் பிழைப்புப் போகும் என்று கணக்கெடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டிலே தொழில்களுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே இருக்கிறது. அதன்படி எடுத்தால் இந்தக் கணக்கெடுப்புக் கட்டாயம் இல்லை. 2019ல் சட்டசபை இதை மீண்டும் உறுதி செய்தது. 2021ல் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும் என்றது. கணக்கே எடுக்காவிட்டால் கூலியாளை எவர் கண்டுபிடிப்பார்? பட்டியலிலே பெயர் இல்லாதவனுக்கு நிவாரணம் எப்படி வரும்?

வயலை இழந்த அந்தக் கூலியாளின் மகன்தான் கம்பெனி வாசலிலே ஒப்பந்தக்காரரிடம் வேலை கேட்டு நிற்கிறான். வெளியே இப்படி ஆயிரம் பேர் நின்றால், உள்ளே இருப்பவனின் கூலியை அமுக்குவது சுலபம். ஆகவே வயலிலே இருப்பவனின் கஷ்டம் ஆலைத் தொழிலாளிக்கு அன்னியமான விஷயம் அல்ல. அது அவனுடைய சம்பளச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது.

என்ன கேட்க வேண்டும்?

ஒன்று: கம்பெனிகளோடு சர்க்கார் எழுதும் ஒப்பந்தங்களை ஜனங்கள் முன் வைக்க வேண்டும். நிலம், வரி, மின்சாரச் சலுகை எல்லாம் இத்தனை பேருக்கு, இத்தனை ஆண்டு வேலை என்ற நிபந்தனையோடு தரப்பட வேண்டும். நிபந்தனையை மீறிப் போனால் சலுகை திரும்ப வேண்டும்; தொழிலாளியின் பாக்கி முதல் பாக்கியாக இருக்க வேண்டும்.

இரண்டு: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று 1981லேயே தமிழ்நாடு சட்டம் செய்தது. பயிற்சியாளர் என்றும் ஒப்பந்தக் கூலி என்றும் பெயரை மாற்றி மாற்றி வைத்து அந்தச் சட்டத்தை ஏட்டுச் சுரைக்காய் ஆக்கிவிட்டார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் ஆலைதோறும் போய் அதை அமலாக்க வேண்டும்.

மூன்று: எந்தச் சங்கத்துக்குப் பெரும்பான்மை என்பதைத் தொழிலாளரின் ரகசிய வாக்கெடுப்புத் தீர்மானிக்கட்டும். அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும். விடுதியிலே சோறும் தண்ணீரும் படுக்கையும் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கமிட்டியிலே அங்கே தங்கியிருக்கும் பெண்கள் இருக்க வேண்டும்.

நான்கு: ஒரு சென்ட் நிலம் எடுக்குமுன், அந்த ஊரின் கூலித் தொழிலாளர் பட்டியலைக் கிராம சபையிலே படிக்க வேண்டும். அவர்களுக்கு நஷ்ட ஈடும், வீட்டுக்கு ஒருவருக்குத் தொழிற்பயிற்சியும், நிரந்தர வேலையும் எழுத்திலே தர வேண்டும்.

இவை வானத்தைக் கேட்பவை அல்ல. பாதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. மீதி வேறு தேசத்திலே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தானாக எதுவும் வராது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபையிலே நிறைவேற்றினார்கள், எதிர்ப்பு எழுந்தது, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். ஒன்றுபட்டுக் கேட்டால் சட்டமும் வளைகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அடுத்த மாநாடு கூடும்; இன்னும் பெரிய கோடிக் கணக்கு வரும். அன்றைக்கு ஒவ்வொரு ஆலை வாசலிலும், ஒவ்வொரு கிராம சபையிலும் தொழிலாளியும் கூலியாளும் சேர்ந்து நின்று ஒரே கேள்வி கேட்க வேண்டும்: கோடி இருக்கட்டும், எங்கள் கூலிக் கணக்கு எங்கே?